மேற்குப் பக்கத்து மண்

மண்ணை ஆராய்பவள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எங்க வீட்டுத் தொட்டியில ரோஜா பூக்கவே மாட்டேங்குது, என்ன போடலாம்?" மயிலாப்பூரில் கல்யாண வீடு, காதுகுத்து வீடு, துக்க வீடு எதிலும் எனக்கு இந்தக் கேள்வியிலிருந்து விடுதலை கிடைத்ததில்லை. ரோஜாவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மண்ணில் என்னென்ன உலோகம் இருக்கிறது, எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மழை பெய்தால் கழன்று போகுமா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. காய வைத்து, உடைத்து, சலித்து, அமிலத்தில் வேக வைத்து, கருவிக்குள் அனுப்பி எண்ணை வாங்கவேண்டும். இதைச் சமையல் மாதிரி என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். இந்தக் கவனத்தில் பாதியை வீட்டு ரசத்தில் காட்டலாமே என்று என் கணவர் இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடையாறில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். பக்கத்து அறையில் என் தோழி. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றிலும் தண்ணீரிலும் தூசியிலும் உள்ள நஞ்சு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது அவள் துறை. ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், வீட்டில் உருது, வெளியில் யாரையும் விட்டுவைக்காத தமிழ். கை கழுவாமல் பிஸ்கட்டைத் தொட்டால் கையிலேயே அடிப்பாள். ஊரில் எந்த மண்ணிலும் வெறுங்காலை வைத்ததில்லை. மெரினாவுக்கு வந்தால்கூடச் செருப்போடுதான் அலையைப் பார்ப்பாள். "மெட்ராஸ் மண்ணுல வெறுங்காலோட நடக்கறவங்களுக்கு நான் பொறுப்பில்ல" என்பாள். இத்தனை பயத்தோடு எப்படித் தூங்குகிறாள் என்று எனக்குக் கவலையாக இருக்கும். அவளோ படுத்தவுடன் தூங்கிவிடுகிற ஜாதி.

மூன்றாவது ஆள், மாடியில் இருக்கும் உடற்பயிற்சி ஆய்வாளர். ஓடும்போது உடம்பு எப்படி மூச்சை வாங்குகிறது, ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அவர் பாடு. மந்தைவெளிக்காரர், எங்களை விட வயதில் சின்னவர், கல்லூரி நாட்களில் நானூறு மீட்டர் ஓடியவர். டாக்டர் பட்டம் வாங்கியும் பேச்சு மாறவில்லை. என்னை "மண்ணு மேடம்" என்றும் அவளை "விஷ மேடம்" என்றும் கூப்பிடுவார். பதிலுக்கு நாங்கள் அவருக்கு வைத்த பெயர் "மூச்சு".

ஒரு நாள் மதியம் மூச்சு என் அறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மண்ணு மேடம், உங்களாண்ட ஒரு வேலை கீது."

விஷயம் இதுதான். தி.நகர்த் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களுக்குக் கால் வீங்கும், நரம்பு சுருண்டுகொள்ளும். காலையில் கடைக்குப் போகுமுன் மண் தரையில் கொஞ்சம் நடந்து, கொஞ்சம் மெதுவாக ஓடினால் அந்தக் கால்களுக்கு என்ன ஆகிறது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நந்தனத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் டிரஸ்ட் மைதானம் ஒன்றில் சில பெண்கள் அவரிடம் ஓட வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, என் தோழியிடம் வாயைக் கொடுக்கும் வரை.

"ஓடறவ சும்மா உக்காந்திருக்கறவளவிட எத்தனை மடங்கு மூச்சு இழுக்கறான்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான்" என்று அவள் அவரை மடக்கியிருக்கிறாள். "அந்த மூச்சோட புழுதியும் உள்ள போகும். புழுதில என்ன இருக்குன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அதனால்தான் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த மைதானம் எனக்குப் பிடித்துப்போனது. கிழக்குப் பாதியில் வேப்பமரங்களும் நடைபாதையும், மேற்குப் பாதியில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓட்டப் பாதையும். தெற்குச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு பேட்டரிக் கடை. காலையில் அந்தப் பெண்கள் வந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு சுடிதார், கான்வாஸ் ஷூவோடு இறங்குவார்கள்; சிலர் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டே ஓடுவார்கள். இழுக்கும் காற்றை அளக்கும் மூச்சின் முகமூடிக் கருவியை மாட்டிக்கொண்டு ஓடும் முறை வருகிறவளை மற்றவர்கள் கிண்டல் செய்தே களைத்துப்போவார்கள். எனக்கும் வேலை அங்கே என்பதால் நானும் ஓர் ஓரமாக ஓட ஆரம்பித்தேன். ஐம்பதைத் தாண்டிய முட்டிகள் முதல் வாரம் முறையிட்டன, பிறகு அடங்கின.

நான் முதன்முதலில் குழி தோண்டி மண் எடுத்தபோது ஒரு பெண் இடுப்பில் கைவைத்து வந்து நின்றார். புடவைக் கடையில் பட்டுப் பிரிவில் வேலை. எல்லோரும் அவரை "பட்டு செக்‌ஷன்" என்றே கூப்பிட்டார்கள்.

"இன்னாம்மா தோண்டினுகீறீங்க, பொதையலா?"

"ஈயம் இருக்கான்னு பாக்கறேன்மா."

"கெடச்சா பாதி எனக்கு, சொல்லிட்டேன்."

ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். இரண்டாவது மாடியில் வீடு. மைதானத்துக்கு வரத் தொடங்குவதற்கு முன்னெல்லாம் படியேறும்போது நடுவில் ஒருமுறை உட்கார்ந்துதான் எழுவாராம், ராத்திரி கால் இரண்டையும் தலையணை மேல் தூக்கிவைத்துத்தான் படுப்பாராம். "கடைல ஸ்டூல் போட்டுக் குடுத்துட்டாங்கம்மா, குத்தம் சொல்லக் கூடாது. ஒக்கார்றதுக்குத்தான் நேரம் குடுக்க மறந்துட்டாங்க." இப்போது உட்காராமல் ஒரே மூச்சில் மேலே போய்விடுவதாகச் சொல்லிக் காலைத் தூக்கிக் காட்டினார். மூச்சு பக்கத்தில் நின்று, பரீட்சையில் பிள்ளை தேறிவிட்ட தகப்பன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

கிழக்குப் பாதி மண்ணை முதலில் முடித்தேன். சலித்து, வேக வைத்து, தோழியின் கருவிக்குள் அனுப்பினோம். ஈயம் கொஞ்சம் இருந்தது. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்து வண்டிகள் ஓடிய ஊர், கொஞ்சம் இல்லாமல் இருக்காது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. மேற்குப் பாதி மண்ணை எடுத்து உலர்த்தி அடுக்கி வைத்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜை என்றால் மூச்சுதான் பொறுப்பு. பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய், சந்தனம், குங்குமம் எல்லாம் கபாலி கோயில் பக்கத்து நடைபாதையில் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவார். என் தோழி பூஜையில் நிற்க மாட்டாள், ஆனால் பொரிக்கு முதல் ஆள் அவள்தான். அன்றும் சுண்டல் கிண்ணத்தோடு தன் அறை வாசலில் காவல் நின்றாள். "என் மெஷின் மேல ஒரு பொட்டு பட்டுச்சு, கைய ஒடச்சிருவேன். அதோட வெல தெரியுமா?" அந்த விலைக்கு மந்தைவெளியில் ஒரு ஃபிளாட்டே வாங்கலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவள் கருவி தப்பியது. மற்றதெல்லாம் மூச்சின் கையில். ஓடும் எந்திரம், தராசு, அடுப்பு, என் கல் உரல், மண் சலிக்கும் எஃகுச் சல்லடை, எதையும் அவர் விடவில்லை. குழைத்த சந்தனத்தை வைத்து அதன் மேல் குங்குமத்தை அமுக்கி, ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் கும்பிட்டேன். இருபது வருஷமாகச் சோறு போடும் சல்லடை, கும்பிடாமல் என்ன.

ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு, தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, தொட்டது துலங்கும் நாள். அன்று காலையில் நல்ல நேரம் பார்த்து மேற்குப் பாதி மண்ணைச் சலிக்கத் தொடங்கினேன். தெற்குச் சுவர் ஓரத்து மண் முதலில், பிறகு வரிசையாக வடக்கே.

தீபாவளிக்கு முன்னால் எண்கள் வந்தன. தோழி என்னைக் கூப்பிடாமல் தானே எழுந்து என் அறைக்கு வந்தாள். அவள் அப்படி வந்தால் நல்ல செய்தியாக இருக்காது.

மேற்குப் பக்கத்து மண்ணில் ஈயம் எக்கச்சக்கம். தெற்குச் சுவர் ஓரத்தில் உச்சம், வடக்கே போகப்போகப் படிப்படியாகக் குறைகிறது. சுவருக்கு அந்தப்புறம் பேட்டரிக் கடை. பேட்டரிக்குள் இருப்பது ஈயம். இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? சந்தேகத்துக்கு, சலித்து வைத்திருந்த தூளையே மறுபடி வேக வைத்துக் கருவிக்கு அனுப்பினோம். அதே எண்கள்.

மூச்சு தாளை வாங்கி எண்களை மறுபடி படித்தார். "இன்னொரு தபா மண்ணு எடுத்துப் பாத்துட்டு அப்பாலிக்கா சொல்லலாமே மேடம்" என்றார்.

"அது வரைக்கும் அவங்க மூச்சுல போறத நீ திருப்பி எடுத்துக் குடுத்துருவியா?" என்றாள் தோழி.

அவள் சொன்னது சரி. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. அன்றே மூன்று பேருமாகப் போய் டிரஸ்ட் செயலாளரிடம் சொன்னோம். அவர் நல்ல மனிதர், பயந்துபோய் அன்று மாலையே கேட்டுக்குச் சங்கிலி போட்டுவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். தி.நகருக்குத் துணி எடுக்க வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை, இந்த இடத்தைக் கேட்டு ஏற்கெனவே ஆள் வந்திருக்கிறார்கள். சிமெண்ட் போட்டு மூடிவிட்டால் விஷமும் மூடிக்கொள்ளும், டிரஸ்டுக்கும் நாலு காசு வரும். பொங்கல் கழிந்ததும் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

மூச்சு அங்கிருந்து நேரே பேட்டரிக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தெருவே கூடிவிட்டது. கடைக்காரர் கழுவி வைத்த தரையைக் காட்டி, "இங்க ஒரு சொட்டு வெளிய போவாது சார், நானும் இந்தக் காத்தத்தான இழுக்கறேன்" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். யார் கேட்டது?

மழை தொடங்கியிருந்ததால் முதல் சில நாட்கள் பெண்களுக்கு மைதானம் இல்லாதது உறைக்கவில்லை. வெயில் அடித்த ஒரு காலையில் எல்லோரும் சங்கிலிக்கு வெளியே நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பட்டு செக்‌ஷன் கை நீட்டினார். "ஈயம் கெடச்சிருச்சாமே, என் பாதி எங்க?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: "நெசமாவே மூடிருவாங்களா? அப்ப நாங்க எங்கம்மா போறது?"

எங்கே போவார்கள்? பூங்காக்களில் ஓடவிடுவதில்லை, நடப்பவர்களின் நெரிசலில் ஓடவும் முடியாது. கடற்கரைக்குப் போய்விட்டு நேரத்துக்குக் கடைக்குப் போய்ச் சேர முடியாது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் நடக்கவே தனித் திறமை வேண்டும். பட்டு செக்‌ஷன் ஆதம்பாக்கத்தில் தன் தெருவிலேயே ஓடிப்பார்த்தார். நாய்கள் அவரை விட வேகமாக ஓடின. விட்டுவிட்டார். கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் மூச்சின் அறைக்கு அளவு கொடுக்க வந்தவர், மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். கணுக்காலில் விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. மூச்சு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள், வீட்டில் விளக்குகளை எடுத்துப் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். புளியைப் போட்டுத் தேய்த்ததில் குத்துவிளக்கின் உடம்பெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. தட்டும் தண்டும் சேரும் இடுக்கில் மட்டும் பழைய குங்குமம் சிவப்புக் கோடாக உட்கார்ந்திருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், போகவில்லை. ஊக்கை விட்டு நோண்டினேன். எங்கேயோ தெரிந்த சண்டையாக இருக்கிறதே என்று தோன்றியது. வலையும் விளிம்பும் சேரும் இடத்தில் இதே மாதிரி ஓர் இடுக்கு. தினமும் பிரஷ் வைத்துத் தட்டுகிறேனே.

என் சல்லடை.

விளக்கைக் கீழே வைத்துவிட்டேன். மூச்சு அதற்கு எங்கே பொட்டு வைத்தார்? விளிம்பின் வெளிப்பக்கத்தில் சல்லடைக் கண்ணின் அளவை அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கும், அதன் மேல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. உள்பக்கம் வைத்தார். சுற்றிலும் வைத்தார். மறுநாள் விஜயதசமியன்று மேற்குப் பக்கத்து மண்ணைக் கொட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சலித்தவள் நான். தட்டுக்குத் தட்டு காய்ந்த சந்தனம் உதிர்ந்திருக்கும், அதோடு குங்குமமும். முதலில் சலித்தது தெற்குச் சுவர் மண், அதில் அதிகம். அடுத்ததில் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. பேட்டரிக் கடையிலிருந்து வடக்கே போகப்போக என்று நாங்கள் படித்தது எல்லாம், பொட்டிலிருந்து போகப்போகத்தான். நல்ல மஞ்சள் குங்குமத்தில் ஈயம் இருக்காது. சிவப்பு அடிக்கவேண்டும் என்று நடைபாதை மலிவுக் குங்குமத்தில் செந்தூரம் கலப்பார்கள், செந்தூரம் ஈயமேதான். இது மண் வேதியியல் படித்த எனக்கும் தெரியும், நஞ்சையே படித்த அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, இருவரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் காலை, சாயங்காலம் தீபம் ஏற்றும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு அடையாறுக்கு ஓடினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சல்லடை இடுக்கில் மெல்லிய சிவப்பு. தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

"யா அல்லாஹ்" என்றாள். பிறகு உடனே, "நம்பமாட்டேன். நிரூபி" என்றாள். இதற்காகத்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

அமிலத்தில் கழுவிய சுத்தமான மணலை அந்தச் சல்லடையில் சலித்தோம். எதுவும் இருக்கக்கூடாத மணலில் ஈயம் வந்தது. பூஜைத் தட்டில் மிஞ்சிய குங்குமத்தில் ஒரு சிட்டிகையைக் கருவிக்கு அனுப்பினோம். கருவி திக்குமுக்காடிப்போனது. கடைசியாக, அலமாரியில் சலிக்காமல் வைத்திருந்த மேற்குப் பக்கத்து மண்ணின் மிச்சப் பாதியை எடுத்தோம். எப்போதும் பாதியைத் தொடாமல் வைப்பது எங்கள் வழக்கம், வாழ்க அந்த வழக்கம். புது நைலான் வலையில் சலித்து வேக வைத்தோம். அந்த எண்கள் வரும் வரை நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

மேற்குப் பக்கத்து மண்ணும் கிழக்குப் பக்கத்து மண்ணும் ஒன்றுதான். தெற்குச் சுவர் ஓரத்தில்கூட.

மூச்சைக் கீழே கூப்பிட்டோம். சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நான் வெச்ச பொட்டா?" என்றார்.

"நீ வெச்சதுதான்."

"என் கிரவுண்டுக்கு நானே பூட்டு போட்டுனுகீறேனா?"

சொந்தக் காசில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ரசீதோடு பார்த்தது அன்றுதான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிக்கிறார். அவர் சிரிக்க, நான் சிரிக்க, தோழி மட்டும் சிரிக்காமல், "சல்லடைல தப்பு வருதான்னு வெறும் மணலச் சலிச்சுப் பாக்கறது மொதல் நாளே பண்ணிருக்க வேண்டிய வேலை. மூணு பேரும் வெக்கப்படணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சொல்லி முடிப்பதற்குள் அவளும் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். அன்று வீட்டுக்கு வந்து ஏற்றிய தீபத்தைப் போல மனசு நிறைந்து நான் எந்தத் தீபத்தையும் ஏற்றியதில்லை.

செயலாளரிடம் தோழிதான் பேசினாள். சுற்றி வளைக்கவில்லை. மண் மேல் தப்பில்லை, தப்பு எங்கள் பக்கம் என்றாள். அவர் நாங்கள் கொடுத்த அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். "நீங்க மூணு பேருமே டாக்டர் பட்டம் வாங்கினவங்கதானே?" என்று மட்டும் கேட்டார். கார் நிறுத்தம் போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் மார்கழி பிறக்கும் முன்னே சங்கிலியைக் கழற்றிவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று போன பேட்டரிக் கடைக்கு மூச்சு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். பட்டு செக்‌ஷனிடம் கதையைச் சொன்னபோது அவர் முகவாயில் கை வைத்துக்கொண்டார். "சல்லடைக்குப் போய் பொட்டு வெச்சீங்களா? தாலியும் கட்டிட்டீங்களா சார்?" அந்த மார்கழியில் ஒரு நாள், இரண்டாவது மாடிக்கு உட்காராமல் ஏறிவிட்டேன் என்று மூச்சுக்கு வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்தியை மூன்று பேரும் சேர்ந்து கேட்டோம். செய்தியில் பாதி அவர் மூச்சு வாங்கும் சத்தம்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. சந்தேகம் என்பது ஈயம் மாதிரி, ஒரு தடவை மண்ணில் விழுந்தால் லேசில் போகாது. திரும்பி வந்த பெண்களில் சிலர் மேற்குப் பக்கம் ஓடாமல் கிழக்கு நடைபாதையிலேயே சுற்றினார்கள். சிலர் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றும் இல்லை என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு மூக்கை மூடிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, பிறகு என் மேல் வந்தது. இருக்கிறது என்று சொன்னதும் நாங்கள்தானே.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இந்தத் தடவை குங்குமத்தை நானே செய்தேன். மஞ்சள் தூளில் எலுமிச்சைச் சாறும் சுண்ணாம்பும் சேர்த்தால் சிவந்துவிடும், பழைய முறைதான். தோழி அதைக் கருவிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தாள். சல்லடைக்குப் பொட்டு கிடையாது, ஒரு பூ மட்டும்.

அன்று காலை மைதானத்துக்கு வரச்சொல்லிப் பட்டு செக்‌ஷன் எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போனால், ஓட்டப் பாதை ஓரமாக மேற்குச் சுவரை ஒட்டிப் பெண்களின் கான்வாஸ் ஷூக்கள் வரிசையாக நின்றன. கழுவிக் காய வைத்த ஷூக்கள். ஒவ்வொன்றின் முனையிலும் பூ. என்னிடமிருந்து குங்குமத்தை வாங்கிப் பட்டு செக்‌ஷன் ஒவ்வொரு ஷூவுக்கும் பொட்டு வைத்தார்.

"சேல மடிக்கிறவளுக்கு ஆயுதம் இன்னா கீது சார்? காலுதான். காலுக்கு இதான்" என்றார் மூச்சிடம்.

சூடம் காட்டி முடித்தோம், பொரியைப் பங்கு போட்டோம். சரி, ஓடலாம் என்று மூச்சு விசிலை எடுத்தார். யாரும் ஷூவைத் தொடவில்லை.

"இன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாது சார்" என்றார் ஒரு பெண்.

"அப்ப ஓட்டம் இல்லியா?"

பட்டு செக்‌ஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மண்ணு சுத்தம்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு மேற்குப் பக்கத்து மண்ணில் இறங்கினார். நான் என் ஷூவைக் கழற்றினேன். மற்றவர்கள் நகரவில்லை, சிலர் துப்பட்டாவை மூக்குக்கு இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, என் தோழியைப் பார்த்தார்கள். எது விஷம் என்று அவர்களுக்குச் சொன்னவள் அவள்தான். மெரினாவிலேயே செருப்பைக் கழற்றாதவள் என்பதும் மூச்சு கிண்டலாகச் சொல்லி அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பைக் கழற்றினாள். அடுத்ததையும் கழற்றினாள். இரண்டையும் ஷூ வரிசையின் கடைசியில் நேராக வைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப்பக்கம் காலை வைத்தாள். சூடான தோசைக்கல் மேல் வைப்பதைப் போலத்தான் வைத்தாள். ஆனால் எடுக்கவில்லை.

துப்பட்டாக்கள் மூக்கிலிருந்து இறங்கின. ஒவ்வொருவராக வந்து கோட்டில் நின்றார்கள். மூச்சு விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்த எண்ணாலும் கிடைத்ததில்லை.

கடைசியில் விசில் இல்லாமலேயே ஓடினோம். பாதித் தூரத்தில் என் தோழி, மூச்சு வாங்க, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"வீட்டுக்குப் போனதும் எல்லாரும் சோப்பு போட்டுக் காலக் கழுவணும்!"